ஏப்ரல் வகுப்பில் ஒரு பெயர்

கடைக் கதவை முக்கால்வாசி தூக்கியிருந்தேன். உள்ளே ஃபோன் அடித்தது. கதவை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போய் எடுத்தேன். சதாசிவம் அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா.

"ரவூப் நானா, அவுங்க போயிட்டாங்க. வெள்ளன எந்திரிச்சி மொகம் கழுவப் போனாங்க. கெணத்தடியிலயே சாஞ்சிட்டாங்க" என்றார். நான் இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அவர் அழவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பிரான்ஸ் அம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க நானா. அவுங்க இல்லன்னு புள்ளயோட பேர வெட்டிட வேணாம்னு சொல்லுங்க."

கணவர் கிணற்றடியில் கிடக்கும்போது ஒரு பெண் இதையா பேசுவார் என்று கேட்கக்கூடியவர்கள் உங்களில் இருக்கலாம். சதாசிவம் அண்ணனை நன்றாகத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவரைத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரய்யாவாக மட்டும் அறிந்தவர்களுக்கும், கராம்புக் கடைக் கணக்கராக மட்டும் அறிந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் கடைசி வரை செய்துகொண்டிருந்த ஒரு வேலை என் கடையில் நடந்தது. அதற்கு வேறு சாட்சி இல்லை.

என் கடை மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். இப்போது இன்டர்நெட் என்று போர்டு மாட்டியிருக்கிறேன். அப்போது அது கொமினிகேஷன். ஒரு ஃபோன், ஒரு ஃபெக்ஸ் மெஷின், ஒரு ஃபொட்டோக் கொப்பி மெஷின். மூன்றும் ஒன்றாக வேலை செய்த நாள் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பகல் நேரத்தில் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியது. கையில் ஒரு காகிதம்.

"பிரான்ஸுக்கு ஒரு ஃபெக்ஸ் அடிக்கணும். தப்பில்லாமப் போகுமா?"

"மெஷின்ல தப்பு வராது அண்ணன். எழுதினதுல வந்தாத்தான் உண்டு."

"எழுதினதுல வராது" என்றார், சிரிக்காமல்.

வராதுதான். தோட்டக் கந்தோரில் கிளாக்கராக இருபத்தைந்து வருடம் எழுதிய கை. எண்பத்து மூன்று கலவரத்தில் குவாட்டர்ஸை எரித்த பிறகு குடும்பத்தோடு டவுனுக்கு இறங்கியவர். ஃபெக்ஸ் போகும்போது நான் எட்டிப் பார்த்தேன். அது என் கெட்ட பழக்கம். பிரெஞ்சு மொழி சொல்லிக் கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எத்தனை பேர் ஒரு வகுப்பில், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், பிள்ளை வந்தானா இல்லையா என்று தினமும் குறிப்பார்களா என்று கேட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பிரான்ஸ் போவதென்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஏஜென்சிக்காரன் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. சிலர் போய்ச் சேர்ந்தார்கள். சிலருடைய வீட்டில் இன்னும் சேர்ந்த செய்தி வரவில்லை. கொஞ்சம் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருந்தது. மொழி வகுப்பு என்று விசா எடுப்பது, போனவுடன் வகுப்பை மறந்துவிட்டு ஏதாவது ஓட்டல் குசினிக்குள் கோப்பை கழுவ நுழைந்துவிடுவது. ஆகக் குறைந்த நேர வகுப்பாகப் பார்த்து எடுங்கள் என்றுதான் எல்லா ஏஜென்டும் சொன்னான்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "படிக்கப் போறவன் படிக்கத்தான் போகணும் நானா. பொய் சொல்லிட்டுப் போனா, ஆயுசு பூரா அந்தப் பொய்யத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கணும்" என்றார். அவருடைய ஒரே மகன் சுகுமாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏ.எல். சோதனை நன்றாகச் செய்தவன். டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தான். யுத்த காலம்; தமிழ்ப் பையன் என்று பொலிஸ்காரர்கள் இரண்டு தடவை விசாரணைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் கராம்புக் கடை முதலாளி போய்ப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை முதலாளி பேச்சு எடுபடாது என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும். அவருக்கு அந்த ஒரு நினைவுதான்.

மூன்று பள்ளிக்கூடங்களில் இருந்து படம் போட்ட புத்தகங்கள் வந்தன. அவற்றை என் கடை மேசையில் பரப்பிவைத்து அண்ணன் பார்த்த விதத்தை நான் மறக்கமாட்டேன். கடையில் ஒரு பிடி கராம்பை வெள்ளைத் துணியில் கொட்டி, தலை, காம்பு, கழிவு என்று பிரிப்பார்களே, அப்படி. பாரிஸில் இருந்த பள்ளிக்கூடத்தை முதலில் தள்ளினார். "இங்க நம்ம ஆளுக நெறைய. தமிழ்லயே பொழுது போயிடும்." தெற்கே கடற்கரைப் பட்டணத்துப் புத்தகத்தில் மணலில் படுத்திருக்கும் பெண்களின் படம் இருந்தது. "இது படிக்கிற எடமில்ல, குளிக்கிற எடம்." மூன்றாவது, லுவார் ஆற்றங்கரையில் பெயர் தெரியாத ஒரு சிறிய ஊர். காலையும் வகுப்பு, பகலுக்குப் பிறகும் வகுப்பு, வாராவாரம் சோதனை, ஒரு குடும்பத்தோடு தங்கவேண்டும், வீட்டிலும் பிரெஞ்சுதான். அதன்மேல் கையை வைத்தார்.

"இதுதான் முழுப்பேர் நானா. மத்ததெல்லாம் அரைப்பேர்."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோல் பதிவேட்டில் முழுப்பேர் விழும். பாதியில் போனால் அரைப்பேர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புள்ளய பிரான்ஸுக்கு அனுப்புறீங்களா அண்ணன், கொழுந்தெடுக்க அனுப்புறீங்களா?" என்றேன். அன்றைக்கு அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது குறைவு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. மதாம் க்ளேர் என்று ஒரு பெண் கையெழுத்திட்டிருந்தார். தீவிர வகுப்பு ஜனவரியிலும் தொடங்குகிறது, ஏப்ரலிலும் தொடங்குகிறது, இரண்டிலும் இடம் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"எல்லாம் ரெடியாத்தானே ஈக்கி. ஜனவரிக்கே அனுப்பிருங்க" என்றேன்.

அண்ணன் மதாமின் காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு சொன்னார். சுகுமாருக்கு ஏழு வயதில் அம்மை போட்டு, பிழைக்கமாட்டான் என்று கைவிட்ட நிலையில், பாக்கியம் அக்கா முத்துமாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். பிள்ளை பிழைத்து ஆளானால் மூன்று மாசி மகத்துக்குப் பறவைக் காவடி எடுப்பான் என்று. இரண்டு வருடம் எடுத்துவிட்டான். மூன்றாவது வரப்போகும் மாசியில். ஜனவரியில் போனால் தேருக்கு இருக்கமாட்டான்.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவ ஒன்னும் சொல்லல. உங்க இஷ்டம்னுட்டா." பிறகு தானாகவே சொன்னார்: "ஒத்துக்கிட்ட வேலையப் பாதியில விட்டுட்டு அடுத்த வேலைக்குப் பேர் குடுக்கக் கூடாது நானா. முடிச்சிட்டுப் போகட்டும். மூணு மாசந்தானே. ஏப்ரல் கிளாஸ்னு போடுங்க."

அதில் எந்தப் பிழையும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. கலியாணம், வீடு குடிபுகுதல், கடை திறப்பு எல்லாமே தேருக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துத்தான் இங்கே நடக்கிறது. தேரன்று என் கடை வாசலில் நானே பீப்பாயில் சர்பத்து வைப்பவன். ஏப்ரல் என்று ஃபெக்ஸ் போனது.

அந்த மாசித் தேரில் சுகுமார் என் கடையைக் கடந்து போனான். ட்ரெக்டரில் கட்டிய மரத்தில், முதுகிலும் தொடையிலும் கொக்கி முள் குத்தி, குப்புறத் தொங்கிக்கொண்டு. கூட்டத்தில் ட்ரெக்டர் நின்றது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "நானா, சர்பத்து இல்லியா?" என்றான். நான் ஸ்டூலில் ஏறி வாயில் ஊற்றினேன். பாதி என் சட்டையில் கொட்டியது. அவனும் சிரித்தான், கீழே நின்ற பாக்கியம் அக்காவும் சிரித்தார். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மூன்று வாரம் கழித்து விசா நேர்முகத்துக்காக அப்பாவும் மகனும் கொழும்புக்குப் போனார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கினார்கள். விடியும் நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். சீருடையோடும் சிலர், இல்லாமலும் சிலர். லொட்ஜில் இருந்த இளம் பிள்ளைகளை எல்லாம் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நடந்ததை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கடையில் நின்றபடியே சொன்னார், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"முதுகுல புண்ணு ஆறி வடு தெரிஞ்சிச்சி நானா. ரெண்டு வரிசையா. என்னாது இதுன்னாங்க. காவடி சேர், மாத்தளைத் தேர் சேர்னு சிங்களத்துல சொன்னேன். ஒருத்தருக்கு வெளங்கிச்சி. ஆமா, கதிர்காமத்துலயும் குத்துவாங்கன்னாரு. மத்தவரு கேக்கல. இம்புட்டு ஒழுங்கா எப்பிடி விழும், இது இயக்கத்துல பட்ட காயம்னாரு. ஸ்கூல் கடுதாசியக் காட்டினேன். ஓடவும் ரெடியா இருக்கீங்கன்னாரு." என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "விசாரிச்சிட்டு அரை மணித்தியாலத்துல விடுறோம்னாங்க. சட்டையப் போட விடல. இன்டர்வியூவுக்குன்னு அவ அயன் பண்ணிக் குடுத்த சட்ட. நான் கையில வெச்சிக்கிட்டே நின்னேன்."

அந்தச் சட்டையோடுதான் மாத்தளைக்குத் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏறாத படி இல்லை. பொலிஸ், முகாம், சிறைச்சாலை வாசல், மனித உரிமை என்று போர்டு போட்ட கந்தோர்கள், அமைச்சர் வீடு, அமைச்சரின் மச்சான் வீடு. போகும்போதெல்லாம் என் கடையில் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டு போவார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். அப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லை.

யாரோ ஒருவன் லக்கல பக்கம் காட்டுக்குள் ஒரு முகாம் இருக்கிறது, அங்கே பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள், பெயர் சுகுமார் என்று ஒருவனைப் பார்த்தேன் என்று சொன்னான். நானும் கூடப் போனேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, அடுத்தது நாளைக்குத்தான் என்றார்கள். வெயிலில் நடந்தோம். சேனைப் பயிரில் ஆனைக்குக் காவல் இருந்த ஒரு சிங்களக் கிழவர் மரத்துப் பரணில் இருந்து இறங்கி வந்து எங்களோடு நடந்தார். அவர் காட்டிய இடத்தில் பாதி கட்டிக் கைவிட்ட ஒரு கட்டடம் இருந்தது. உள்ளே ஆனை லத்தியும் உதிர்ந்த சுண்ணாம்பும். அண்ணன் ஒவ்வோர் அறையாகப் போய் நின்று, "சுகுமார்" என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். எனக்கு வந்த கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம், இன்றைக்கும் அடங்கவில்லை.

அந்த ஏப்ரல் முடியும்போது அவர் மறுபடியும் காகிதத்தோடு வந்தார். வாசித்துப் பார்த்தேன். "என் மகன் சுகுமார் வரத் தாமதமாகிறது. அவருடைய இடத்தைத் தயவுசெய்து அடுத்த ஏப்ரல் வகுப்பில் வைத்திருக்கவும்." அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போன எடமெல்லாம் பெரிய பெரிய புத்தகத்த வெச்சிக்கிட்டுப் பேர் இல்ல, பேர் இல்லங்கிறாங்க" என்றார். "இந்த ஒரு எடத்துல இருக்கு நானா. இதையும் வெட்ட விடச் சொல்றீங்களா?"

நான் மெஷினில் காகிதத்தை வைத்தேன். மறுநாள் பதில் வந்தது. இடம் இருக்கும் என்று மதாம் எழுதியிருந்தார்.

வெட்டுவது என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மழை நாளில், கரண்ட் போய்க் கடையில் இருட்டாக இருந்த நேரத்தில், அதைப் பற்றிப் பேசினார். எழுபதுகளில் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது செக்ரோலில் பெயர்களை வெட்டியது இவர்தான். "செவப்பு மை நானா. ஒரு லயத்து வீடுகள்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க. நான் கோடு போடும்போது அவுங்க ஜன்னலுக்கு வெளியில நின்னு பார்ப்பாங்க. அய்யா, எம் பேர மெதுவா வெட்டுங்கன்னு ஒரு பொம்பள சொன்னா. வெட்டின கையோட அடுத்த மாசக் கணக்க எழுதினேன். பேர் வெட்டினா அந்த ஆளு அங்க இருந்ததே இல்லன்னு ஆயிடும். கணக்கு அப்பிடித்தான்."

பல வருடம் கழித்து, காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கத்தில் சொன்னபோது, அதனால்தான் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கந்தோரில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார். "தெரியுங்க சேர். கையெழுத்துப் போட எனக்குக் கை வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ஒவ்வொரு வருடமும் ஓகஸ்டில் மதாமிடமிருந்து புதிய புத்தகம் வரும். அண்ணன் அதை மறுபடியும் மேசையில் விரித்து, புதிதாகச் சேர்க்கப்போகிறவரைப் போல, முதலில் இருந்து பார்ப்பார். இது எனக்கு முதலில் தாங்கமுடியாததாக இருந்தது. பிறகு பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தேநீர் வாங்கி வைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வருடம் சொன்னார்: "இப்ப அவனுக்கு முப்பது ஆகப்போவுது. சின்னப் புள்ளைங்களோட உக்கார வெச்சா கூச்சப்படுவான். வயசானவங்க வகுப்பு தனியா இருக்கான்னு கேளுங்க." இருந்தது. மாற்றினார்கள். இன்னொரு வருடம், தங்குவதற்கு விடுதி கட்டியிருக்கிறார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அறை, மேசை, தனிக் குளியலறை எல்லாம் இருந்தது. அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "வேணாம். குடும்பத்தோடயே இருக்கட்டும். வந்த ஒடனே சோறு போட ஒரு ஆள் வேணும்." புத்தகத்தை மூடிவிட்டு, "சட்டையக் கழட்டும்போது முதுகப் பார்த்துப் பயந்துறக் கூடாது. அதையும் அவுங்களுக்கு எழுதிடலாமா?" என்று கேட்டார். எழுதினோம். காவடி என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினோம். கொழும்பில் யாரும் காது கொடுத்துக் கேட்காததை அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண் வாசித்தார். வாசித்ததோடு, அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டேன் என்று பதிலும் போட்டார்.

ஜனவரியா ஏப்ரலா என்ற இடத்தில் மட்டும் அவர் யோசிக்கவே மாட்டார். ஏப்ரல். எனக்கு ஒருமுறை பொறுக்கவில்லை. "இன்னுமா அண்ணன்?" என்று சத்தம் போட்டுவிட்டேன். "அவ புதுசா நேர்ந்திருக்கா நானா. புள்ள திரும்பி வந்தா வர்ற மாசிக்கு மறுபடி காவடின்னு. அத நான் எப்பிடி மாத்துறது?" என்றார். அந்தப் பழைய முடிவுக்காக அவர் அக்காவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா அவரைச் சொல்லியும் கேட்டதில்லை. ஆளுக்கு ஆள் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். தேர் தங்கள் தெருவைக் கடக்கும்போது இரண்டு பேரும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போவார்கள்.

அவர் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியதும் என் கடையில்தான். மதாமின் பதில்கள் ஆங்கிலத்தில் இருந்து மெல்ல மெல்ல பிரெஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தன. கண்டியில் பழைய புத்தகக் கடையில் ஒரு பாடப் புத்தகமும் கசெட்டும் வாங்கி வந்தார். என் மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காதில் வயரை மாட்டிக்கொண்டு, முதல் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஃபோன் பேச வந்தவர்கள் கண்டி கச்சேரியில் அரசாங்க அதிகாரிக்கு முன்னால் வந்தவர்களைப் போல மரியாதையாக அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "ஜ மாப்பெல் சுகுமார்" என்றார் ஒரு நாள். என் பெயர் சுகுமார் என்று அர்த்தமாம். "உங்க பேரத்தானே அண்ணன் சொல்லணும்?" என்றேன். "நான் எங்க போகப் போறேன். வகுப்புல மொதல் நாள் அவன்தான் சொல்லணும். வந்து எறங்கினதும் நான் சொல்லிக் குடுத்துருவேன்ல" என்றார்.

ஒரு முறை மதாமே ஃபோன் எடுத்துவிட்டார். நான் ரிசீவரை நீட்டியபோது அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பக்கம் நீளமாக என்னவோ பேச்சு வந்தது. இவர் நெற்றி வியர்க்கக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் "இல் வியாந்த்ரா, மதாம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவன் வருவான் என்று அர்த்தம். "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "முழுசா வெளங்கல. அழுத மாதிரி இருந்திச்சி" என்றார். அந்த வாரம் வந்த பதில் ஒரே வரி. அதைப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவரே எனக்குத் தமிழில் சொன்னார். நான் இங்கே இருக்கும்வரை அவருடைய இடமும் இருக்கும்.

அவரை இந்த வெள்ளிக்கிழமை எரித்தோம். செக்பொயின்ட் தாண்டி வரவேண்டி இருந்ததால் தூரத்துச் சொந்தங்கள் பிந்தித்தான் வந்தார்கள். சடங்கு செய்ய வந்தவர் உக்குவளைக்கு அந்தப் பக்கம், வீட்டுச் சங்கதி தெரியாதவர். முற்றத்தில் எல்லாம் தயாரான பிறகு, "மகன் எங்கம்மா? மகன வரச் சொல்லுங்க" என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாக்கியம் அக்கா தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பிரான்ஸுல படிக்கிறான். லீவு கெடைக்கல. சித்தப்பா மகன் கொள்ளி வெப்பான்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ வீட்டில் இப்படித்தானே நடக்கிறது. சடங்குக்காரர் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் வேலி ஓரமாகப் போய் நின்று அழுதேன்.

இரவெல்லாம் ரேடியோவில் வடக்கில் விழுந்த ஊர்களின் பெயரைச் சொல்கிறார்கள். இன்னும் எத்தனை சட்டைகள் எத்தனை அப்பாக்களின் கையில் இருக்கின்றனவோ. அண்ணன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அரசியல் பேசியும் நான் கேட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒரு வகுப்பில் ஒரு நாற்காலி.

மதாமுக்கு இப்போது ஃபெக்ஸ் இல்லை, ஈமெயில். அண்ணன் இறந்த செய்தியை என்னுடைய ஓட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். பெயரை வெட்டவேண்டாம் என்று அக்கா சொன்னதையும் எழுதினேன். பதில் வந்தது. ஆறுதல் சொல்லியிருந்தார். தானும் அடுத்த வருடத்தோடு ஓய்வு பெறுவதாகவும், தனக்குப் பின்னால் வருபவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அடியில் ஒரு கேள்வி. அடுத்த வருடத்துக்கு வழக்கம்போல ஏப்ரல் வகுப்புதானா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் இல்லை. நான் புதிய புத்தகத்தைப் பிரின்ட் எடுத்து மேசையில் பரப்பிவைத்தேன். அண்ணன் எப்படி இதன் முன்னால் அத்தனை வருடம் உட்கார்ந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் சுகுமார் இருந்தான். படிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடுவில், ஆற்றுப் பாலத்தில், சாப்பாட்டு மேசையில், நாற்பதை நெருங்கும் ஒரு மனிதனாக. என்னால் தனியே முடிவெடுக்க முடியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். எழுத்து அவருக்குப் புரியாது. படங்களைப் பார்த்தார்.

"ஜனவரியிலயும் இருக்கா நானா?"

"ஈக்கி அக்கா."

"அப்ப ஜனவரின்னு போடுங்க."

"நேர்த்தி ஈக்கிதே அக்கா. மாசித் தேர்..."

"அத நான் அம்மாளுக்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றார். "புள்ள மொதல்ல போகட்டும்."

கடைக்கு வந்து ஜனவரி என்று எழுதினேன். அதற்கு மேலே அண்ணனுடைய வாக்கியத்தை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அப்படியே போட்டேன். என் மகன் சுகுமார் வரத் தாமதமாகிறது. அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம்தான். கடை இருக்கும்வரை வருடத்துக்கு ஒரு முறை அதை நான் அனுப்பிக்கொண்டிருப்பேன்.